டேங்கர்காரியும் தலைகீழ் வானமும்

“கண்ணைத் திறங்க அக்கா. இப்ப உங்க கையில.”

கண்ணைத் திறந்த டேங்கர்காரிக்குத் தலைக்கு மேல் தரை தெரிந்தது. வயல், ரயில் பாதை, ஏதோ ஒரு தொழிற்சாலையின் தகரக் கூரை எல்லாம் உச்சிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. காலுக்குக் கீழே வெறும் வானம். தோள் பெல்ட் மட்டும் இல்லையென்றால் ஆள் அந்த வானத்துக்குள் போய் விழவேண்டியதுதான். விமானத்தின் தரையில் யார் யார் செருப்பிலிருந்தோ உதிர்ந்து கிடந்த மண் மொத்தமும் முகத்தில் கொட்டியது.

அவள் குச்சியை இழுத்தாள்.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் விமானத்தைத் திருப்பும் கம்பிக்குக் குச்சி என்றுதான் பேர். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கும். இழுத்தால் மூக்கு தலைப்பக்கம் போகும், தள்ளினால் காலடிப் பக்கம் போகும். நேராகப் பறக்கும்போது இழுத்தால் மேலே ஏறலாம். தலைகீழாகக் கிடக்கும்போது இழுத்தால் தரை அல்லவா தலைப்பக்கம் இருக்கிறது? அப்படியே செங்குத்தாக மண்ணைப் பார்த்துப் பாயவேண்டியதுதான். இது டேங்கர்காரிக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் கைக்கு யார் போய் பாடம் எடுத்தார்கள்?

“இழுக்காதீங்க. தள்ளுங்க. முதல்ல தள்ளுங்க.”

காற்று ஊளையிட்டது. தகரக் கூரை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தாள். இறக்கை ஒருமுறை நடுங்கியது; பிறகு காற்றைக் கைகழுவி விட்டது. அடுத்த நொடி விமானம் இடது பக்கமாகச் சரிந்து கிறுகிறுவென்று சுழல ஆரம்பித்தது.

“என் கையில,” என்றது பின் சீட்டிலிருந்து அதே குரல். பதற்றம் இல்லை. இன்ஜின் சத்தம் அடங்கியது, வலது பெடல் அமுங்கியது, குச்சி முன்னால் போனது. சுழல் நின்றது. தரை போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.



“மறுபடியும் இடது பக்கம்,” என்றாள் பின்னால் இருந்தவள். “எத்தனை தடவை விழுந்தாலும் இடது பக்கமே விழுறீங்க. அதுதாங்க்கா எனக்குப் புரியல.”

பின்னால் இருந்தவளுக்குப் பள்ளியில் வைத்த பேர் பம்பரம். விமானத்தை வேண்டுமென்றே சுழலவிட்டு மீட்டெடுப்பது அவளுக்குத் தொழில். டேங்கர்காரியைவிட வயதில் சிறியவள், உயரத்திலும் சிறியவள். சீட்டில் இரண்டு மெத்தை போட்டு உட்காருவாள். தலைகீழ் வித்தை காட்டிக் கைதட்டல் வாங்க அவள் அதைச் சொல்லித் தரவில்லை. விமானம் கைமீறிக் கவிழ்ந்துவிட்டால் அதைத் திரும்ப நிமிர்த்துவது எப்படி என்று ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியவர்களுக்குச் சொல்லித் தருகிற பயிற்சி அது.

டேங்கர்காரியும் லைசென்ஸ் வாங்கியவள்தான். சும்மா வாங்கிவிடவில்லை. அவள் அப்பா தோளில் தண்ணீர் சுமந்து ஒரு லாரி வாங்கி, அது இரண்டாகி, பிறகு ஒரு கொட்டகை நிறைய டேங்கர் லாரிகள் நிற்கும்படி செய்த மனுஷன். அந்த வீட்டுப் பெண் தாவணி வயதிலேயே ஸ்டியரிங் பிடித்தாள். விமான நிலையத்தில் ஒரு கட்டிட வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோய் வேலிக்குப் பக்கத்தில் காத்துக்கிடந்தபோதுதான் அந்த ஆசை வந்தது. கூட நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவனுக்குப் பல் தேயும், உழைக்கிறவனுக்குக் கைதான் தேயும். பகலில் லாரி, சாயங்காலம் படிப்பு என்று வருடக்கணக்கில் ஓடி, கழுத்தில் ஒரு பிள்ளையும் தொங்க, அவள் விமானியானாள். படித்தவர் வீட்டில் பிறந்து அப்பன் காட்டிய வழியில் போகிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். கையை ஊன்றி எழுந்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். இதை எழுதுகிற கைக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது ஒரு சரக்கு விமானக் கம்பெனி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மருந்தும் தபாலும் கொண்டுபோகிற சின்ன கம்பெனி. முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“கவிழ்ந்தா நிமிர்த்தத் தெரியும்னு அந்தப் பள்ளியில சொல்லணும். அவங்க சொன்னா வலது பக்க சீட்டு, துணை விமானி சீட்டு, உன்னுது. இந்த மாசக் கடைசி வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல வேற ஆளு பாத்துக்குவேன், வருத்தப்படாதம்மா.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வேறெங்கோ ஒரு கம்பெனியில் நல்ல வெயிலடிக்கிற பகலில் ஒரு விமானம் விழுந்தது. இன்ஜின் கெடவில்லை, இறக்கை முறியவில்லை. திடீரென்று புரண்டது, ஓட்டியவர் பயத்தில் இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். அவர் முதலாளிக்கு நண்பர்.

பம்பரம் தலையாட்டினால் சீட்டு, ஆட்டாவிட்டால் திரும்பவும் தண்ணீர் லாரி. மாதக் கடைசியோ வாசலுக்கு வந்துவிட்டது.

*

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அப்பா முந்திக்கொண்டு அவள் ஓட்டும் டேங்கரின் பின்பக்கத்தில் ‘விமானி வீட்டு வண்டி’ என்று சிவப்பு எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டார். அந்த வண்டி தெருத் தெருவாகப் போய் ஊர் முழுக்கச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்பா, இன்னும் வேலையே கிடைக்கல.”

“கிடைக்காம எங்க போகும்? என் பொண்ணு ஓட்டாத வண்டியா? அந்த விமானத்துக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு?”

“இறக்கை முளைச்சிருக்கு. அதான் பிரச்சினை.”

“அந்தச் சுண்டைக்காய்ப் பொண்ணு உனக்குப் பாஸ் போடணுமா? நீ லாரி ஓட்ட ஆரம்பிச்சப்ப அது பால் பாட்டில்ல இருந்திருக்கும். நான் வந்து ரெண்டு வார்த்தை பேசட்டுமா?”

“நீங்க வந்தீங்கன்னா நான் விமானத்துலேர்ந்து குதிச்சிடுவேன்.”

அவள் கணவன் டயர் கடைக்காரன். அதிகம் பேசமாட்டான். பேசினால் டயர் பஞ்சர் பார்ப்பதுபோல நேராக ஓட்டையில் விரல் வைப்பான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கிக் கேட்டான்.

“பயமா இருக்கா?”

“இல்லங்க. பயம்னா தெரியும். இது வேற. மண்டைக்குள்ள தள்ளு தள்ளுன்னு கேக்குது. கை இழுக்குது. என் கை என்னுது மாதிரியே இல்ல.”

“அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொன்னியா?”

“இதை எப்படிச் சொல்றது? பைத்தியம்னு நினைச்சுக்கும்.”

“நினைச்சா நினைச்சுட்டுப் போகுது. நீ சொல்லு.”

மறுநாள் சொன்னாள். விமானக் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்து, கையில் தேநீரோடு, தரையைப் பார்த்தபடி சொன்னாள். பம்பரம் சிரிக்கவில்லை.

“கை எங்கயோ கத்துக்கிட்டிருக்கு அக்கா. நல்லாவே கத்துக்கிட்டிருக்கு. எங்கன்னு பாக்கணும். நீங்க லாரி ஓட்டுவீங்கல்ல? என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க.”

“லாரியிலயா? லாரியில என்ன இருக்கு பாக்க?”

“அது பாத்தாத்தான் தெரியும்.”

*

லாரிக் கொட்டகைக்கு வந்த பம்பரத்தை அப்பா மேலும் கீழும் பார்த்தார். “நீதானா அது? உக்காந்தா கண்ணாடிக்கு வெளிய தெரியுமாம்மா உனக்கு?” என்றார்.

“தெரியாது ஐயா. அதனாலதான் தலைகீழா ஓட்டுறேன். அப்ப எல்லாம் நல்லாத் தெரியுது,” என்றாள் அவள். அவரை வாயடைத்தவர்கள் அந்தத் தெருவில் ரொம்பக் குறைவு.

சிவப்பு எழுத்து வண்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. பம்பரம் முழுதாக நிரப்பவேண்டாமா என்று கேட்டாள்.

“முழுசா நிரப்பினா யாரு வேணா ஓட்டலாம்,” என்றாள் டேங்கர்காரி, முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “தண்ணி அசையாது. பாதி இருந்தாத்தான் ஆட்டம். பிரேக் போட்டா முன்னால ஓடும், திருப்பினா பக்கவாட்டுல ஓடும். வண்டியையே கவுத்துடும். எத்தனையோ டிரைவருங்க அதுலதான் போயிருக்காங்க.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“பிடிச்சுக்கிட்டு இருக்கணும். அதுகூடச் சண்டை போடக் கூடாது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி, காத்திரு. போன தண்ணி திரும்பி வரும். வண்டி தன்னால நிமிரும். அப்பா சொல்லிக் குடுத்தது.”

பம்பரம் ஏறி உட்கார்ந்தாள்.

கடைத்தெரு தாண்டி, பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே ஒரு சைக்கிள்காரன் காய்கறி மூட்டையோடு குறுக்கே வந்தான். டேங்கர்காரி பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தாள். பின்னால் தண்ணீர் ‘தடால்’ என்று முன் தகட்டில் மோதி, அப்படியே பக்கத்தில் ஏறியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஜன்னலுக்கு வெளியே சாய்வாக எழுந்து வந்தது. பம்பரத்தின் கை தானாகக் கதவுப்பிடியைத் தேடியது. ஆனால் கண் சாலையில் இல்லை. டேங்கர்காரியின் மேலேயே இருந்தது.

முதுகு சீட்டில் அறைந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு முழங்கையும் பூட்டுப் போட்டதுபோல விறைத்தன. கை ஸ்டியரிங்கைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்தது. இடது கால் கிளட்சுக்குப் பக்கத்துத் தகரத்தில் போய் ஊன்றி அமுக்கியது. அப்படியே அசையாமல் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். தண்ணீர் திரும்பி வந்தது. வண்டி நிமிர்ந்தது.

சைக்கிள்காரன் எதுவும் நடக்காததுபோல மிதித்துக்கொண்டு போனான். டேங்கர்காரி பெருமையோடு திரும்பினாள். “பாத்தீங்களா?”

“பாத்தேன். அக்கா, அந்தக் கால் அங்க என்ன பண்ணுது?”

“எந்தக் கால்?”

“இடது கால்.”

குனிந்து பார்த்தாள். கால் இன்னும் தகரத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து ஓட்டையாகி, கீழே இரும்பு பளபளத்தது. இத்தனை வருஷம் அந்தக் கால் அங்கே போவது அவளுக்கே தெரியாது.

“வண்டியில அது வெறும் தகரம்,” என்றாள் பம்பரம் மெதுவாக. “விமானத்துல அந்த இடத்துல இடது பெடல் இருக்கு. நீங்க முதுகைச் சாய்ச்சு ஊன்றினா குச்சி உங்க பக்கம் வருது. இடது பெடல் உள்ள போகுது. விமானத்தை இடது பக்கம் சுழல விடணும்னா நான் இதையேதான் பண்ணுவேன். அச்சு அசலா இதையேதான்.”

டேங்கர்காரி வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் ஹாரன் அடித்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது மட்டும் இல்ல. காத்திருக்கீங்க. தண்ணி திரும்பி வரும்னு காத்திருக்கீங்க. அங்க திரும்பி வர எதுவும் இல்லக்கா. நாம செய்யற வரைக்கும் அது விழுந்துக்கிட்டேதான் இருக்கும்.”

டேங்கர்காரி கேட்டாள்: “அப்ப நான் லாரியில கத்துக்கிட்டது தப்பா?”

“லாரிக்கு அது உயிரு. அதனாலதான் இவ்வளவு ஆழமா ஏறியிருக்கு. சோம்பேறியா கத்துக்கிட்டிருந்தா என் வேலை சுலபமா இருந்திருக்கும்.”

*

பழக்கத்தை ஏற்றுவது கஷ்டம். இறக்குவது அதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். ஏற்றிய சரக்கை இறக்கிப் பார்த்தவனுக்கு இது தெரியும்.

பம்பரம் அவளுடைய காலணியைக் கழற்றச் சொன்னாள். நிறுத்தி வைத்த விமானத்தில் வெறுங்காலோடு உட்காரவைத்து, கால் பெடலில் பூப்போல இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தாள். குச்சியைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் தவிர வேறெதுவும் தொடக்கூடாது என்றாள். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இறக்கையைப் பிடித்து உலுக்குவாள். உலுக்கியதும் கை முன்னால் போகவேண்டும். போகாவிட்டால் மறுபடியும். மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன மேடம், மாவு பிசையறீங்களா?” என்றான் ஒருவன்.

“உன் மூக்கை இங்க வை, பிசைஞ்சு காட்டுறேன்,” என்றாள் டேங்கர்காரி.

வீட்டிலும் விடவில்லை. கணவன் பின்னால் வந்து அவள் நாற்காலியைத் திடீரென்று சாய்ப்பான். முதல் நாள் மேசை விளிம்பைப் பிடித்து இழுத்தாள். மேசை விரிப்போடு சேர்ந்து தண்ணீர் ஜக்கு மடியில் விழுந்தது. அடுத்த நாளும் அதேதான். மூன்றாவது தடவை, சாய்த்த உடனே கை முன்னால் பாய்ந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியது. தட்டு எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் போய்க் கவிழ்ந்தது.

“என்னடி இது?”

“பாஸ் ஆயிட்டேன்னு நினைக்கிறேன்பா,” என்றாள் அவள். பெரியவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே மருமகனைப் பார்த்த பார்வையில் டயர் கடையே எரிந்திருக்கும்.

ஆனால் நாற்காலி வேறு, ஆகாயம் வேறு.

அடுத்த பறப்பில் கண்ணை மூடச் சொன்னாள் பம்பரம். விமானம் எங்கெங்கோ புரண்டது. எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. காது ஒன்று சொன்னது, முதுகு ஒன்று சொன்னது.

“உங்க கையில.”

தரை தலைக்கு மேல். முதுகு சீட்டைத் தேடியது. முழங்கை பூட்டிக்கொள்ளப் பார்த்தது. இடது பாதத்தின் அடியில் பெடலின் இரும்பு குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. அந்தக் குளிர்ச்சிதான் அவளை உலுக்கியது. காலைத் தளர்த்தினாள். மூன்று விரலால் குச்சியைத் தள்ளினாள். உடம்பு பெல்ட்டில் தொங்கியது, கண்ணில் ரத்தம் ஏறியது, மண் மறுபடியும் முகத்தில் கொட்டியது. உடம்பின் ஒவ்வொரு நரம்பும் வேண்டாம் என்று கத்தியது. தள்ளினாள். இறக்கை காற்றைப் பிடித்தது. பிறகு பக்கவாட்டில் உருட்டினாள். அடிவானம் சாய்ந்து, நின்று, நேரானது.

பின்னால் சத்தமே இல்லை.

“இருக்கீங்களா?” என்றாள் டேங்கர்காரி.

“இருக்கேன். மறுபடியும் கண்ணை மூடுங்க.”

அன்று எத்தனை தடவை புரட்டினாளோ தெரியாது. இறங்கி வந்ததும் டேங்கர்காரி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பம்பரமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாளிக்கு அங்கேயே போன் பண்ணி, “எடுத்துக்கலாம்,” என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னாள்:

“ஒண்ணு சொல்லணும் அக்கா. மேல நிறைய இடம் இருக்கு. அங்க தள்ளுறது வேற. ஒரு நாள் கீழ, கண்ணாடி நிறைய மண்ணு தெரியறப்ப குச்சியை அந்த மண்ணைப் பாத்துத் தள்ளணும்; அப்பத்தான் இறக்கை காத்தைப் பிடிக்கும். கொஞ்சம்தான், ஒரு நொடிதான். ஆனா தள்ளணும். அதை நான் சொல்லித் தர முடியாது. அந்த உயரத்துல பழகிப் பாத்தா ரெண்டு பேரும் செத்துடுவோம். தள்ளுவீங்களான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

டேங்கர்காரிக்கு வந்த சந்தோஷம் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

*

சரக்கு விமானத்தின் கேப்டன் நல்ல மனுஷன். தலை நரைத்தவர், வெயில் மழை எல்லாம் பார்த்தவர். அவளை ‘ம்மா’ போட்டுக் கூப்பிடுவார். ஆனால் கூட்டம் நிறைந்த பெரிய விமான நிலையங்களில் மட்டும் ஓட்ட விடமாட்டார். “நீ ரேடியோவைப் பாத்துக்கோம்மா, நான் இறக்கிடறேன்,” என்பார். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. அவளும் வாயைத் திறக்கவில்லை. இடது பக்கச் சீட்டுக்காரர் ஓட்டவிட்டால்தான் வலது பக்கச் சீட்டுக்கு வாழ்க்கை.

அப்புறம் ஒரு நாள், வெயில் சுள்ளென்று அடிக்கிற பிற்பகலில், அவராகவே சொன்னார்: “இன்னிக்கு நீ இறக்குறியா? எனக்குத் தோள் வலிக்குது.”

பின்னால் மருந்துப் பெட்டிகள் வலை போட்டுக் கட்டியிருந்தன. காற்று அசையவே இல்லை. முன்னால் ஒரு பெரிய விமானம், வீடுபோல, ரன்வேயில் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு டவரில் இருந்தவர் ரேடியோவில் எச்சரித்தார்: பெரிய விமானம் முன்னால் போகிறது, காற்றுச் சுழியைக் கவனியுங்கள். பெரிய விமானத்தின் இறக்கை நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சுழி கிளம்பும். படகு போன பின்னால் தண்ணீர் சுழலுமே, அதுபோல. காற்று அசையாத நாளில் அது கலையாமல் அங்கேயே கிடக்கும்.

“கொஞ்சம் சுத்திட்டு வரலாமா கேப்டன்?” என்றாள்.

“தூரமாத்தான் போயிட்டான். நீ போம்மா. மருந்துக்கு ஆஸ்பத்திரியில காத்திருக்காங்க.”

அவள் போனாள். ரன்வே நேராக விரிந்தது. கீழே வீட்டு மாடிகள், கொடியில் காயும் துணிகள், ஒரு பள்ளிக்கூட மைதானம்.

யாரோ இறக்கையைத் தோள் கொடுத்துத் தூக்கியதுபோல இருந்தது. அடுத்த கணம் விமானம் புரண்டது.

அடிவானம் செங்குத்தாக நின்று, அதையும் தாண்டிச் சரிந்தது. பின்னால் பெட்டிகள் வலையில் மோதின. ஜன்னல் கண்ணாடி நிறைய மாடிகள். துணிகளின் நிறம்கூடத் தெரிந்தது. கேப்டனின் இரண்டு கையும் அவர் முன்னாலிருந்த பிடியில் வந்து விழுந்தன. அந்த விமானத்தில் குச்சிக்குப் பதில் பிடிதான்; இருவருடைய பிடியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அவர் இழுத்தார். மண்ணைக் கண்டால் இழுப்பது மனுஷ சுபாவம். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் உடம்பிலும் அதே சுபாவம் எழுந்து நின்றது. முதுகு சாயப் பார்த்தது.

காலுக்கு அடியில் பெடல் இருந்தது. அவள் அதை ஊன்றவில்லை.

“விடுங்க கேப்டன்.”

அவர் விடவில்லை. பிடி அவள் கையில் கனத்தது. இறக்கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“கையை விடுங்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் விட்டார்.

அவள் தள்ளினாள். மாடிகளைப் பார்த்து, துணிகளைப் பார்த்துத் தள்ளினாள். அந்த ஒரு நொடியின் நீளத்தை அளக்க உலகத்தில் கடிகாரம் கிடையாது. நடுக்கம் நின்றது. பிடி லேசானது. உருட்டினாள், பெடலைக் கூடவே கொடுத்தாள், பவரை முழுக்கத் திறந்தாள். மைதானம் சாய்ந்தபடியே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நேராகி, வயிற்றுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. அண்ணாந்து பார்த்த முகங்கள் தெரிந்தன. அதற்குப் பிறகுதான் இழுத்தாள், மெதுவாக, மூன்று விரலால். விமானம் ஏறியது.

டவரில் இருந்தவர் ஏதோ கேட்டார். அவளே ரேடியோவை அழுத்தி, மறுபடியும் சுற்றி வருகிறோம் என்றாள்.

நீண்ட வட்டமாகச் சுற்றினார்கள். கேப்டனின் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன; பிடியைத் தொடவில்லை. அவள் பார்க்காததுபோல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப நீங்க இறக்குறீங்களா?” என்று கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

இந்தத் தடவை அவள் வழக்கத்தைவிட உயரமாகவே வந்தாள். சுழி கீழே இறங்கும், அதற்கு மேலே இருந்துவிட்டால் தொடாது. பெரிய விமானம் சக்கரம் பதித்த இடத்தையும் தாண்டிக்கொண்டுபோய்த் தன் சக்கரத்தைப் பதித்தாள். பூவை வைத்ததுபோல என்று சொன்னால் பொய். தடக்கென்றுதான் விழுந்தது. ஆனால் ரன்வேயில் விழுந்தது.

சரக்கு இறக்குபவர் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வலைக்குள் பெட்டிகள் குப்புறவும் மல்லாந்தும் கிடந்தன. ஒரு பெட்டி உடைந்து மருந்து வாடை வீசியது.

“என்னங்க இது, குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கு? ஆஸ்பத்திரிக்காரங்க என் தலையைத்தான் உருட்டுவாங்க. யாரு ஓட்டினது இன்னிக்கு?”

டேங்கர்காரி ஏணியில் ஒரு கால் வைத்தபடி நின்றாள். பதில் சொல்ல வாயெடுத்தாள்.

“அவங்க ஓட்டினாங்க,” என்றார் கேப்டன் அவளுக்குப் பின்னாலிருந்து. “பெட்டி உடைஞ்சதுக்கு என்னைக் கேளு. நீ கதவைத் திறக்கறப்ப நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம்ல, அதுக்கு அவங்களைக் கேளு.”

சரக்குக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எதுவோ சொல்லுங்க. முதல்ல இந்த வலையை அவுக்க ஒரு கை குடுங்க,” என்றார்.

அவள் உள்ளே ஏறி, வலையின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தாள்.